பந்து மட்டும் போதாது: தெருவோரச் சிறுவர்களும் குழு விளையாட்டும்

மாலை ஐந்து மணிக்கு மேல் உங்கள் அடுக்குமாடியின் கீழே இறங்கிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிலர் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். உடம்பில் பள்ளிச் சட்டை இருக்கும்; பக்கத்தில் புத்தகப் பை இருக்காது. இரவு பத்து மணிக்கும் அவர்கள் அங்கேயே இருந்தால், வீட்டில் தேடுவதற்கு ஆள் இல்லை என்று பொருள். தாய் இரவு வேலைக்குப் போயிருக்கலாம். தகப்பன் எங்கே என்று தெரியாமல் இருக்கலாம். பாட்டி மட்டும் வீட்டில் இருந்து, முட்டிவலியோடு மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பாட்டி நீங்களாகவும் இருக்கலாம். இல்லையென்றால், அந்தப் பிள்ளைகளைத் தினமும் கடந்து போகிறவராக இருக்கலாம். கடந்து போகும்போது நாம் பெரும்பாலும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம், அல்லது ‘வீட்டுக்குப் போங்கடா’ என்று அதட்டுகிறோம். இரண்டாலும் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. இந்தக் கையேடு வேறொரு வழியைச் சொல்கிறது. பணம் அதிகம் தேவைப்படாத வழி அது. ஆனால் வாரம் தவறாமல் ஒரு பெரியவரின் நேரம் அதற்குத் தேவைப்படும்.

யாரைச் சொல்கிறோம்?

‘தெருவோரச் சிறுவர்’ என்றால் நடைபாதையில் படுத்துறங்கும் பிள்ளைகள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சிறார் உரிமைக் குழு 2017ஆம் ஆண்டு இதைப் பற்றி விரிவான விளக்கம் ஒன்றை வெளியிட்டது. வீடு இருந்தும், தன் பொழுதையும் நட்பையும் பிழைப்பையும் தெருவோடு பிணைத்துக்கொண்ட பிள்ளையும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. அப்படிப் பார்த்தால், ஜார்ஜ்டவுனின் அஞ்சடியில் சிகரெட் வாங்கிக்கொடுத்து எடுபிடி வேலை பார்க்கும் பையனும் இதில் அடக்கம்.

‘தெருப்பிள்ளை’ என்று எழுதினால் தமிழில் அது வசவாகிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சொல்லை இந்தக் கையேட்டில் எங்கும் பயன்படுத்தவில்லை. பேச்சிலும் அதைத் தவிர்த்தால் நல்லது. பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இன்னொரு ஜார்ஜ் டவுன்

ரஜூலா கப்பலும், அதன்பின் எம்.வி. சிதம்பரமும் பினாங்குத் துறைமுகத்துக்கு வந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அந்தத் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் வட்டாரத்துக்கும் ஜார்ஜ் டவுன் என்றுதான் பெயர். அங்கும் அதற்கு வடக்கே உள்ள பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அடுப்பு, பாய், துணி மூட்டை, பிள்ளை எல்லாம் சாலையோரத்தில்தான்.

அந்த வட சென்னையில் 1995 முதல் ‘கருணாலயா’ என்ற தொண்டு நிறுவனம் இயங்கி வருகிறது. பால் சுந்தர் சிங் அதைத் தொடங்கினார். தெருவில் வாழும் பிள்ளைகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கும் தங்குமிடம், படிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றைத் தருவதுதான் அதன் முதல் வேலை. அதோடு விளையாட்டும் சேர்ந்தது. 2018இல் மாஸ்கோவில் நடந்த தெருவோரச் சிறுவர் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்கு அங்கிருந்து பெண் பிள்ளைகளின் அணி ஒன்று போனது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் அதேபோன்ற கிரிக்கெட் போட்டி முதன்முதலாக நடந்தது. ‘தென்னிந்தியா’ என்ற பெயரில் களமிறங்கிய அணியில் சென்னையின் கருணாலயாப் பிள்ளைகளும், மும்பையில் இயங்கும் இன்னொரு தொண்டு நிறுவனத்தின் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். ஆணும் பெண்ணும் கலந்த அணி அது. 2019 மே 7ஆம் தேதி, லார்ட்ஸ் திடலில், இங்கிலாந்து அணியைத் தோற்கடித்து அவர்கள் கிண்ணத்தை வென்றார்கள்.

லார்ட்ஸ் என்றால் கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் பலருக்கே அங்கே ஆடும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. 2023இல் அந்தக் கிரிக்கெட் போட்டி சென்னைக்கே வந்தது.

கிண்ணத்தைப் பற்றிச் சொன்னது உங்கள் கவனத்தைப் பிடிப்பதற்காக. உண்மையில் இந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் செய்த உதவி அந்த ஒரு நாளில் நடந்ததல்ல. அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான மாலைகளில் நடந்தது. கிண்ணம் வெல்லாத பிள்ளைகளுக்கும் அது நடக்கிறது. அதை எப்படி என்று பார்ப்போம்.

ஆட்டம் என்ன செய்கிறது?

தெருவில் வளரும் பிள்ளையின் உடம்பு எப்போதும் காவல் காக்கிறது. யார் அடிப்பார், எங்கே ஓடுவது, அடுத்த சாப்பாடு எப்போது என்ற கவலையில் நெஞ்சு படபடத்தபடியே இருக்கும். இப்படி நீண்ட காலம் இருந்தால் தூக்கம் கெடுகிறது. சிறு விஷயத்துக்கும் கோபம் பொங்குகிறது. பாடத்தில் மனம் நிற்பதில்லை. ‘அடங்காத பிள்ளை’ என்று நாம் சொல்வது பல நேரங்களில் பயந்த பிள்ளையைத்தான்.

ஒரு குழு விளையாட்டில் கோடு எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். விசில் ஊதினால் நிற்க வேண்டும். நேற்றைய விதிதான் இன்றைக்கும். நாளொரு விதமாக மாறும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். கோபம் வந்தாலும் நடுவரை அடிக்கக்கூடாது, பந்தைத் தானே வைத்துக்கொண்டிருந்தால் கோல் விழாது, தோற்றாலும் எதிரணிக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. நூறு முறை ஆடி ஆடித்தான் வரும். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் திறமை இப்படிப் பழகிப் பழகி வளர்வதுதான்.

உடல் நலத்தையும் சொல்ல வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் வேர்க்க இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓடியாடிய பிள்ளை இரவில் அயர்ந்து தூங்கும். மறுநாள் வகுப்பில் விழித்திருக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒன்று உண்டு. ஓர் அணியில் பதினொரு பேர் வேண்டும். பத்துப் பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், ‘குமார் எங்கே? ஏன் வரவில்லை?’ என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். தெருவில் திரியும் பிள்ளையின் வாழ்க்கையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருந்திருக்க மாட்டார். தன் இடம் காலியாக இருந்தால் அது தெரியும் என்பதைப் பிள்ளை முதன்முதலாக அங்கேதான் உணர்கிறது.

இதே கேள்வியைக் கேட்கும் இன்னோர் இடமும் இருக்கிறது, குண்டர் கும்பல். கும்பலும் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கிறது, சாப்பாடு வாங்கித் தருகிறது, ‘தம்பி, எங்கேடா போனே?’ என்று தேடுகிறது. பிறகு கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து இன்ன இடத்தில் கொடுத்துவிட்டு வா என்கிறது. கும்பல் முதலில் தருவது போதைப்பொருளை அல்ல, உறவை. நாம் அந்த உறவை முந்திக்கொண்டு தரவில்லை என்றால், அறிவுரையால் மட்டும் பிள்ளையைத் திருப்ப முடியாது.

துப்புரவுக்கு 6 புள்ளி

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில் மாத்தாரே என்ற பெரிய குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே பிள்ளைகள் பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கட்டிய பந்தை உதைத்து விளையாடுவார்கள். 1987இல் பாப் மன்ரோ என்ற கனடா நாட்டுக்காரர் அவர்களோடு சேர்ந்து ஒரு காற்பந்துச் சங்கத்தை அமைத்தார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: நான் உங்களுக்குச் செய்தால், நீங்கள் உங்கள் வட்டாரத்துக்குச் செய்ய வேண்டும்.

அதன்படி சாக்கடையும் குப்பையும் நிறைந்த தங்கள் குடியிருப்பை அணிகளே துப்புரவு செய்தன. ஓர் ஆட்டத்தில் வென்றால் 3 புள்ளி; துப்புரவுப் பணியை முடித்தால் 6 புள்ளி. ஆட்டத்தில் தோற்ற அணியும் துடைப்பம் பிடித்துப் புள்ளிப் பட்டியலில் மேலே வரலாம். நம் ஊர் கோத்தோங் ரோயோங்தான் இது, புள்ளி கணக்கோடு! குப்பையும் தேங்கிய தண்ணீரும் குறைந்தால் நோயும் குறையும் என்பதை டிங்கியை அறிந்த பினாங்குக்காரர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தங்களைத் தொல்லையாக நினைத்த அக்கம்பக்கத்தார், துடைப்பத்தோடு பார்த்த பிறகு பிள்ளைகளை வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

இந்தியாவின் நாக்பூரில் விளையாட்டு ஆசிரியரான விஜய் பார்சே மழைக்கு ஒதுங்கி நின்றபோது, குடிசைப் பிள்ளைகள் உடைந்த வாளி ஒன்றை உதைத்து ஆடுவதைப் பார்த்தார். அதிலிருந்து 2001இல் தொடங்கியதுதான் குடிசைப் பிள்ளைகளுக்கான அவருடைய காற்பந்து இயக்கம். அமிதாப் பச்சன் நடித்து 2022இல் வந்த ‘ஜுண்ட்’ படம் அவருடைய கதையைத் தழுவியது. வட சென்னை வியாசர்பாடியிலும் மாலையில் பந்தும் பாடமும் சேர்த்தே சொல்லித்தருகிறார்கள். தேசிய அளவில் ஆடிய தனபால் கணேஷ் அந்த வட்டாரத்துப் பிள்ளைதான்.

பேத்தியும் ஆடட்டும்

லார்ட்ஸில் வென்ற அணியில் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறுபடியும் சொல்லத் தோன்றுகிறது. ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் பந்து? கறுத்துப் போயிடுவா’ என்று சொல்லும் பாட்டிகள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். பேத்தியின் மேல் உள்ள அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் வெயிலில் கறுத்தது பத்து நாளில் மாறிவிடும். எலும்புக்குத் தேவையான வலு இந்த வயதில் சேர்ந்தால்தான் உண்டு. முட்டிவலியும் முதுகுவலியும் அறிந்த உங்களுக்கு அதன் அருமை தெரியும். ஓடவும் உரக்கக் கத்தவும் பழகிய பெண் பிள்ளைக்கு, யாராவது தவறாகத் தொட்டால் கத்தவும் ஓடவும் தைரியம் இருக்கும்.

மாதவிடாய் நாட்களில் ஆடக்கூடாது என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிள்ளைக்கு முடியுமென்றால் ஆடலாம். வயிற்றுவலி அதிகமாக இருந்தால் ஓய்வு எடுக்கட்டும். மாதந்தோறும் தாங்க முடியாத வலி என்றால் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எல்லாத் திடலும் நல்ல திடல் அல்ல

விளையாட்டு தானாகவே பிள்ளையை நல்வழிப்படுத்தும் என்று நம்பிவிடக் கூடாது. கெட்ட வார்த்தையில் திட்டும் பயிற்றுநரிடம் பிள்ளை கெட்ட வார்த்தையைத்தான் கற்கும். வெல்வது மட்டுமே முக்கியம் என்றால், மெதுவாக ஓடும் பிள்ளை ஓரத்தில் உட்கார்த்தி வைக்கப்படும். யாருக்கு அந்த அணி மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் நின்றுபோகும். திறமை பார்த்துப் பொறுக்கியெடுக்கும் அணி வேறு, வந்த பிள்ளையையெல்லாம் ஆட வைக்கும் அணி வேறு. தெருவோரச் சிறுவர்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை.

பாதுகாப்பு இதைவிடப் பெரிய விஷயம். கவனிக்க ஆளில்லாத பிள்ளையைத் தேடித்தான் தவறான எண்ணம் கொண்டவர்கள் வருவார்கள். பயிற்சியில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றிப் போவது, ஒரு பிள்ளைக்கு மட்டும் கைத்தொலைபேசி போன்ற பரிசுகள் தருவது, ‘இதை வீட்டில் சொல்லாதே’ என்பது ஆகியவை அபாய அறிகுறிகள். ஆசையாக ஆடிய பிள்ளை திடீரென்று திடலுக்குப் போக மறுத்தால், ‘சோம்பேறி’ என்று திட்டாமல் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். உடனே பதில் வராது. இரண்டு மூன்று நாள் கழித்து, வேறு ஏதோ பேசும்போது வரலாம்.

நன்கொடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஜெர்சி கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. ஜெர்சி நல்லதுதான். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் வராவிட்டால், பெரியவர்கள் வந்து போய்விடுவார்கள் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம்தான் இன்னும் ஆழமாகப் பதியும். மாதம் நான்கு முறை வர முடியாது என்றால் இரண்டு முறை வருவதாகச் சொல்லி, அந்த இரண்டு முறையும் தவறாமல் வாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1974இல் பினாங்கு மலேசியக் கிண்ணம் வென்றதைக் கொண்டாடியவர்கள் உங்களில் இருப்பீர்கள். ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் காத்ததைப் பற்றி இன்றும் மணிக்கணக்கில் பேசுவீர்கள். அந்தக் கதைகளைக் கேட்க ஒரு கூட்டம் உங்கள் வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது.

ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு திடலோரம் போய் உட்காருங்கள். அது பாடாங் பிரவுனாக இருந்தாலும் சரி, ரைபிள் ரேஞ்ச் வீடுகளுக்கு அருகிலுள்ள ஏதாவது ஒரு சிறு திடலாக இருந்தாலும் சரி. முதல் வாரம் பிள்ளைகள் உங்களைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வராத பிள்ளையைப் பற்றி விசாரியுங்கள். மூன்றாவது வாரத்தில் ‘தாத்தா, நான் போட்ட கோலைப் பாத்தீங்களா?’ என்று ஒருவன் ஓடி வருவான். முன்பு ஆடியவராக இருந்தால் விசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆடத் தெரியாதவர் புள்ளி எழுதலாம்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனால் போதும். சிரப் தண்ணியும் ஐஸ் மைலோவும் விசேஷ நாளுக்கு இருக்கட்டும். கடும் வெயிலில் ஆட விடாதீர்கள். மாலை ஐந்துக்கு மேல் நல்லது. இடி கேட்டால் உடனே திடலை விட்டு எல்லாரும் கட்டடத்துக்குள் போக வேண்டும், மரத்தடியில் அல்ல. தலைசுற்றல், வாந்தி, குழறிய பேச்சு இருந்தால் அது வெயில் தாக்கமாக இருக்கலாம். பிள்ளையை நிழலில் படுக்க வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, 999க்கு அழையுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை ஆடலாம், இழுப்பு மருந்து கையில் இருக்க வேண்டும்.

இதில் உங்களுக்கும் பலன் உண்டு. 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டும். ஆட்டத்தின் முதல் பாதியில் திடலைச் சுற்றி நடங்கள், இரண்டாம் பாதியில் உட்காருங்கள். வீட்டில் தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பதைவிட அது மனத்துக்கும் நல்லது.

குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவரானால் இன்னொரு வேலையும் இருக்கிறது. ‘இங்கே பந்து விளையாடத் தடை’ என்ற பலகை வைப்பதற்கு முன்னால், வேறு எங்கே ஆடலாம் என்பதை முடிவு செய்யச் சொல்லுங்கள். விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சொல்லும் ஐக்கிய நாட்டுச் சிறார் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் இணைந்திருக்கிறது.

பத்திரம் இல்லாத பிள்ளை

சென்னைப் பிள்ளைகள் விமானம் ஏற வேண்டுமானால் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரமும் முகவரியும் வேண்டும். நடைபாதையில் பிறந்தவருக்கு முகவரி எது? தெருவோரச் சிறுவர் உலகக் கிண்ணத்தை நடத்துகிறவர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டப்படியான அடையாளம் வேண்டும் என்பதையே தங்கள் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

இது நமக்குத் தொலைவான கதை அல்ல. நம் சமூகத்திலும் பதியப்படாத பிறப்பும், பதியப்படாத திருமணமும், பத்திரம் தொலைந்த குடும்பமும் உண்டு. பிள்ளை சிறியதாக இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. 12 வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது சிக்கல் வெளியே வரும். அணியில் பெயர் கொடுக்க, மாவட்டப் போட்டிக்கு அனுப்ப, பத்திரம் கேட்பார்கள். பிள்ளை வெட்கப்பட்டு, காரணம் சொல்லாமல் ஆட்டத்தையே விட்டுவிடும். பிறகு பள்ளியையும் விட்டுவிடும். திடலில் அமைதியாக விலகும் பிள்ளையிடம் பெரியவர் ஒருவர் பேசிப் பார்த்தால் இது தெரிய வரலாம்.

பிறப்பைக் காலம் தாழ்த்தியும் பதிய விண்ணப்பிக்கலாம். தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தாய் பிரசவித்த மருத்துவமனையின் தாள், தடுப்பூசிப் புத்தகம், பிரசவம் பார்த்தவர் அல்லது அக்கம்பக்கத்தாரின் சாட்சி என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். எதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பெற்றோரில் ஒருவர் மலேசியக் குடிமகனாக இருந்தால், பத்திரம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

ஒரு பிள்ளை அடிபடுவதையோ, பட்டினி கிடப்பதையோ, தவறாகப் பயன்படுத்தப்படுவதையோ நீங்கள் அறிந்தால் தாலியான் காசே தொலைபேசி எண் 15999ஐ எந்நேரமும் அழைக்கலாம். முழு ஆதாரமும் கையில் இருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் பெயர், இருக்கும் இடம், நீங்கள் பார்த்தது என்ன என்பதைச் சொன்னால் போதும். மலாய் சரளமாக வராவிட்டால், பேசத் தெரிந்த பேரப்பிள்ளையையோ பக்கத்து வீட்டாரையோ அருகில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.